அடுப்புக்குப் பின்னால் நிற்கும் சக்கரம்: கிழக்கேகோட்டையிலிருந்து ஒரு புரொப்பேன் வரலாறு

மாலை வேளையில் கிழக்கேகோட்டையில் காந்தி பூங்காவின் பக்கம் நின்றால், ஒரே தெருவில் பல எரிபொருள்கள் ஓடுவதைக் காணலாம். டீசலில் ஓடும் பழைய அரசுப் பேருந்து, மின்கலத்தில் ஓடும் நகரச் சுற்றுப் பேருந்து, பெட்ரோல் ஆட்டோ, வாயு ஆட்டோ எல்லாம் பழவங்காடிப் பிள்ளையாரைக் கடந்துதான் போகவேண்டும். சாலைக் கடைத்தெருவுக்குச் சரக்கெடுக்க வரும் நாகர்கோவில்காரர் வாயு ஆட்டோவைக் 'கேஸ் ஆட்டோ' என்பார். மலையாளத்தில் எரிவாயு 'கியாஸ்', வழக்கு 'கேஸ்'; இரண்டும் வேறு வேறு ஒலி. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. மொழியியல் படித்த எனக்கு முதலில் இது ஒலிபெயர்ப்பின் சிறு வேடிக்கையாகத்தான் பட்டது. பொதுப் போக்குவரத்தின் எரிபொருள் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபின்தான், வாயுவும் வழக்கும் பின்னிக் கிடப்பது எழுத்தில் மட்டுமன்று என்று தெரிந்தது.

இப்பதிவில் நான் சொல்ல விரும்புவது ஒன்றே. புரொப்பேன் நம் ஊர்ப் பேருந்தை எட்டாமலும், ஆட்டோவை எட்டியும் நிலைக்காமலும் போனதற்கு இயந்திர நுட்பம் முதற் காரணமன்று. எரிபொருளுக்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையில் அடுப்பு முன்னே நிற்கிறது. ஏழையைச் சுமக்கும் சக்கரம் பின்னே நிற்கிறது. அடுப்பு முன்னே நிற்பது நியாயம். ஆனால் சக்கரத்துக்கு அவ்வரிசையில் இடம் உண்டா என்ற கேள்வியை நாம் இதுவரை கேட்கவே இல்லை.

திருவிதாங்கூரின் அரசுப் பேருந்து 1938 பிப்ரவரி 20 அன்று ஓடத் தொடங்கியது. லண்டன் பயணியர் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய இ. ஜி. சால்ட்டர் அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் போக்குவரத்துக் கண்காணிப்பாளராக அமர்த்தப்பட்டிருந்தார். இங்கிலாந்திலிருந்து 60 காமர் அடிச்சட்டங்கள், பெர்கின்ஸ் டீசல் இயந்திரம் பொருத்தப்பட்டு வந்து இறங்கின. உடற்கூடு இங்கேயே கட்டப்பட்டது. முதல் பேருந்தில் சித்திரைத் திருநாள் மகாராஜாவும் உறவினரும் பயணிகள், சால்ட்டரே ஓட்டுநர். அரண்மனையும் கோயிலும் சாலைக் கம்போளமும் கைக்கெட்டும் தொலைவில் இருந்த கிழக்கேகோட்டை, நகரப் பேருந்துகளின் நிலையமாக வளர்ந்தது. இந்த விழாவின் படங்களைப் பார்க்கும்போது நாம் அரசனையும் வண்டியையும் பார்க்கிறோம். தொட்டியில் இருந்ததைப் பார்ப்பதில்லை. அடிச்சட்டமும் இயந்திரமும் கடல் தாண்டி வந்தவை, எண்ணெயும் அப்படியே. ஒரு சமஸ்தானத்தின் பெருமையாகத் தொடங்கிய பேருந்து, முதல் நாளிலிருந்தே அந்தச் சமஸ்தானத்தின் கையில் இல்லாத ஒரு பொருளை நம்பி ஓடியது.

அது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்பது நான்கே ஆண்டுகளில் தெரிந்தது. 1941 ஆகஸ்டில் இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. 1942 மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. பின்வாங்கிய பிரித்தானியரே சிரியம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தகர்த்துவிட்டுப் போயினர். பர்மாவின் அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர் அந்த ஒரே வீழ்ச்சியில் சோற்றையும் இழந்தது, மண்ணெண்ணெயையும் இழந்தது. 'எரிபொருள் பாதுகாப்பு' என்ற தொடர் அன்று புழக்கத்தில் இல்லை. அதன் பொருளை மட்டும் இங்குள்ள ஒவ்வொரு வீடும் அடுப்பிலும் விளக்கிலும் படித்துவிட்டது.

தென்னிந்தியச் சாலைகளில் பேருந்து வாயுவில் ஓடியது அப்போதுதான். அந்த வாயு புரொப்பேன் அன்று, கரிவாயு. பேருந்தின் பின்புறத்தில் பீப்பாய் போன்ற உலை ஒன்றைப் பொருத்தி, அதில் மரக்கரியைப் போதிய காற்று இல்லாமல் எரிப்பார்கள். அரைகுறையாக எரிவதால் கார்பன் மோனாக்சைடு பிறக்கும். அதைக் குளிரவைத்து, தூசு வடிகட்டி, இயந்திரத்துக்குள் செலுத்துவார்கள். வெளியேறும் வாயுவில் பாதி எரியாத நைட்ரஜன். ஆகவே வண்டியின் வலிமை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். விடியற்காலையில் ஊதுவிசிறியைக் கைப்பிடியால் சுழற்றி உலையை மூட்டியபின்தான் வண்டி கிளம்பும். மேட்டில் பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். 'கரி பஸ்' என்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதியவர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லும் நினைவு இதுதான். சிரிப்புக்குப் பின்னால் ஒரு செய்தி இருக்கிறது. கப்பல் நின்றபோது இந்தச் சாலைகளை ஓடவைத்தது நம் காட்டு விறகு. செயல்திறன் குறைந்த, புகை நிறைந்த, நச்சுள்ள எரிபொருள்தான். ஆனால் அதன் விலையை வேறொரு கண்டம் தீர்மானிக்கவில்லை. போர் முடிந்ததும் உலைகள் கழற்றி எறியப்பட்டன. அவற்றோடு அந்தப் பாடமும் போய்விட்டது.

இனி புரொப்பேனுக்கு வருவோம். இதன் பெயரிலேயே ஒரு முரண் உண்டு. கிரேக்கத்தில் 'முதல்', 'கொழுப்பு' என்னும் இரு சொற்களைச் சேர்த்துப் புரொப்பியானிக் அமிலத்துக்குப் பெயரிட்டனர். கொழுப்பமில வரிசையில் அது முதலாவது என்று கருதினர். அவ்வமிலத்தின் பெயரிலிருந்து புரொப்பேன் பிறந்தது. பெயரில் முதன்மை, வாழ்வில் எப்போதும் துணைப்பொருள். புரொப்பேனுக்கென்று தனிக் கிணறு கிடையாது. இயற்கை வாயுவைத் தூய்மைப்படுத்தும்போதும் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போதும் உடன் கிடைப்பது அது. தேவை கூடுகிறது என்பதற்காக அதை மட்டும் கூடுதலாகத் தோண்டி எடுக்க முடியாது. ஒரு நாட்டில் எவ்வளவு கிடைக்கும் என்பதை வேறு பொருள்களின் உற்பத்தியே தீர்மானிக்கிறது. இதன் சந்தையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு குணமே திறவுகோல்.

பிரெஞ்சு வேதியியலாளர் மார்செலின் பெர்த்லோ 1857இல் கண்டறிந்த இந்தச் சேர்மம், அரை நூற்றாண்டுக்குமேல் ஆய்வகத்திலேயே கிடந்தது. 1910இல் அமெரிக்க அரசின் சுரங்கத் துறையைச் சேர்ந்த வால்ட்டர் ஸ்னெல்லிங், பெட்ரோல் ஏன் இவ்வளவு விரைவில் ஆவியாகிறது என்று ஆராய்ந்தபோது, அதில் கலந்திருந்த புரொப்பேனையும் பியூட்டேனையும் பிரித்தெடுத்தார். புரொப்பேன் −42 பாகை செல்சியசில் கொதிக்கும்; ஆனால் மிதமான அழுத்தத்தில், நம் ஊர் வெப்பத்திலேயே, திரவமாகிவிடும். திரவமாக்கினால் ஏறத்தாழ 270இல் ஒரு பங்கு இடமே கொள்ளும். குழாய் இல்லாத ஊருக்கும் தோளில் தூக்கிச் செல்லக்கூடிய வாயு கிடைத்தது இப்படித்தான். ஸ்னெல்லிங் தம் காப்புரிமையை 50,000 டாலருக்கு ஃபிராங்க் பிலிப்சிடம் விற்றார். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள். பிலிப்ஸ் பெட்ரோலியம் என்னும் அவர் நிறுவனம்தான் 1963இல் இந்திய அரசோடும் டங்கன் பிரதர்சோடும் ஒப்பந்தம் செய்து கொச்சிச் சுத்திகரிப்பு ஆலையை அமைத்தது. 1966 செப்டம்பரில் அம்பலமுகளில் ஆலை இயங்கத் தொடங்கியது. உலகில் புரொப்பேனை வணிகப் பொருளாக்கியவர்களின் கை, கிழக்கேகோட்டையிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வடக்கே வந்து சேர்ந்திருந்தது.

அப்படியானால் பேருந்துகள் ஏன் மாறவில்லை? நுட்பம் இல்லாமல் இல்லை. 1950களின் தொடக்கத்திலேயே சிகாகோ நகரப் போக்குவரத்து ஆணையம் நூற்றுக்கணக்கான புரொப்பேன் பேருந்துகளை ஓட்டியது. வியன்னா நகரப் பேருந்துகள் பல பத்தாண்டுகள் திரவ வாயுவில் ஓடின. நகரின் வாசலிலேயே சுவெகாட் சுத்திகரிப்பு ஆலை இருந்தது. ஒரு தடை உண்மைதான்: புரொப்பேனுக்குத் தீப்பொறி வேண்டும், டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. ஆகவே டீசலை நம்பிய போக்குவரத்துக் கழகம் இயந்திரத்தையே மாற்ற வேண்டியிருந்திருக்கும். ஆனால் அந்தச் செலவைக் கணக்கிடும் நிலைக்குக்கூட இந்தியாவில் பேச்சு வரவில்லை. 1955இல் பம்பாயில் பர்மா ஷெல் சமையல் வாயுவை விற்கத் தொடங்கியது. 1965இல் இண்டேன் வந்தது. அதன்பின் மூன்று பத்தாண்டுகளின் கதை காத்திருப்போர் பட்டியலின் கதை. எரிவாயு இணைப்புக்குப் பதிந்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்த வீடுகள் இருக்க, அதே வாயுவை வண்டியில் ஊற்ற யார் துணிவார்கள்? சட்டமும் 2000ஆம் ஆண்டு வரை அதை அனுமதிக்கவில்லை.

சட்டம் மாறியதற்குக் காரணம் காற்று மாசு. 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் டில்லிப் பேருந்துகளை அழுத்தப்பட்ட இயற்கை வாயுவுக்கு மாறச் சொன்னது. டில்லிக்கு அது இயன்றது. மேற்குக் கடற்கரையிலிருந்து வரும் குழாய் அங்கே இருந்தது. தென்னகத்துக்குக் குழாய் இல்லை. 2000இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் திரவ வாயுவை வாகன எரிபொருளாக ஏற்றதும், பெங்களூர், சென்னை, ஐதராபாத் நகரங்களின் ஆட்டோக்கள் அதற்கு மாறியது இதனால்தான். வடக்கே குழாய் வாயு, தெற்கே உருளை வாயு என்ற பிரிவினைக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. நில வரைபடமே போதும். திருவனந்தபுரமும் இந்தத் தென்னகக் கதையின் கடைக்கோடியில்தான் சேர்ந்தது. ஆட்டோக்களில் ஒரு பகுதி வாயுவுக்கு மாறியது. நிரப்பும் நிலையங்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. பின்னர் கொச்சியில் இறங்கிய இயற்கை வாயுவுக்குப் பெருங்குழாய் போட்டபோதும், 2021இல் திறக்கப்பட்ட அக்குழாய் வடக்கே மங்களூர் நோக்கிப் போயிற்று. தலைநகர் அதன் பாதையில் இல்லை.

இனி விலை. ஒரே புரொப்பேன்–பியூட்டேன் கலவை, எங்கே எரிகிறது என்பதைப் பொறுத்து வெவ்வேறு விலை பெறுகிறது. 14.2 கிலோ வீட்டு உருளைக்கு அரசின் மானியம் நீண்டகாலம் இருந்தது. வண்டியில் நிரப்பும் வாயு சந்தை விலைக்கே விற்கப்பட்டது. ஒரே பொருளுக்கு இரு விலை இருந்தால் இடையில் ஒரு கள்ளக் குழாய் தானாக முளைக்கும். வீட்டு உருளையிலிருந்து ஆட்டோத் தொட்டிக்கு வாயு மாற்றுவது நாடு முழுவதும் நடந்தது. அது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. 'கேஸ் வண்டி' மீது 'கேஸ்' விழுந்தது இப்படித்தான். 2012இல் மானிய உருளைகளுக்கு ஆண்டு வரம்பு வந்தது. 2015 சனவரி முதல் மானியம் நேரே வங்கிக் கணக்குக்குப் போகத் தொடங்கியதும் இரு விலைக்கு இடையிலான இடைவெளி விற்பனை இடத்தில் மறைந்தது. ஆனால் வரிசை மறையவில்லை. அது வரியில் போய் உட்கார்ந்துகொண்டது. சரக்கு சேவை வரியில் வீட்டு உருளைக்கு 5 விழுக்காடு, வாகன வாயுவுக்கு 18 விழுக்காடு. ஒரு தொழிலாளியின் வீட்டில் எரிந்தால் அது இன்றியமையாப் பொருள். அதே தொழிலாளியின் ஆட்டோவில் எரிந்தால் அது வணிகப் பொருள். அவர் ஆட்டோ ஓட்டித்தான் அந்த அடுப்பு எரிகிறது என்பது வரி அட்டவணையில் இடம்பெறாத உண்மை.

இது வாயுவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2013 சனவரியில் டீசலுக்கு இரு விலை அறிவிக்கப்பட்டது. மொத்தமாக வாங்குவோர் சந்தை விலை தரவேண்டும். சில்லறையில் வாங்குவோருக்குக் குறைந்த விலை. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 'மொத்த நுகர்வோர்' ஆயின. சொகுசுக் காரின் உரிமையாளர் லிட்டருக்கு ஏறத்தாழ 10 ரூபாய் குறைவாகக் கொடுக்க, நின்றுகொண்டு பயணம் செய்வோரின் பேருந்து கூடுதலாகக் கொடுத்தது. தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகள் சில்லறை நிலையங்களில் போய் வரிசையில் நின்றன. கேரளத்தின் வழக்கு உயர் நீதிமன்றத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் கண்டது. 2022இல் மொத்த விலை மீண்டும் உயர்ந்தபோது அதே காட்சி திரும்பியது. பொதுப் போக்குவரத்தைச் சேவை என்று மேடையில் சொல்லும் நாம், எரிபொருள் சீட்டில் அதைப் பெருவணிகர் என்று எழுதுகிறோம். சொல்லாய்வு செய்பவர்கள் அகராதியோடு இந்தச் சீட்டுகளையும் படிக்கவேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான்.

விலைக்கு அப்பால் வழி. இந்தியா ஆண்டுக்கு 3 கோடி டன் அளவுக்குத் திரவ வாயுவைப் பயன்படுத்துகிறது. அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு இறக்குமதி. அந்த இறக்குமதியின் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து ஹோர்முஸ் நீரிணை வழியாக வருகிறது. சவுதி அராம்கோ மாதந்தோறும் அறிவிக்கும் ஒப்பந்த விலையே நம் விலைக் கணக்கின் அடிப்படை. கேரளத்துக்கு இந்த வழி புதிதன்று. இங்குள்ள பல்லாயிரம் வீடுகளுக்குப் பணமும் அந்தக் கரையிலிருந்தே வருகிறது. 1990இல் குவைத் வீழ்ந்தபோது திரும்பி வந்த மனிதர்களையும், ஏறிய எண்ணெய் விலையையும் இம்மாநிலம் ஒரே வேளையில் எதிர்கொண்டது. 1942இன் இரங்கூன் பாடம் இடம் மாறி மீண்டும் நடத்தப்பட்டது என்றே சொல்லலாம். கச்சா எண்ணெய்க்கு விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய இடங்களில் நிலத்தடிக் கையிருப்பு உண்டு. திரவ வாயுவுக்கு 2007 முதல் விசாகப்பட்டினத்தில் உள்ள குகைக் கிடங்கின் கொள்ளளவு 60,000 டன். பெரிய எண்ணாகத் தோன்றும். 3 கோடி டன்னை 365ஆல் வகுத்துப் பாருங்கள்: நாட்டின் ஒரு நாள் தேவைக்குக்கூட அது போதாது.

கடல் வழி முடிந்தபின் தரைவழி இருக்கிறது. 2012 ஆகஸ்டு 27 இரவு, ஓணத்துக்கு இரண்டு நாள் முன்பு, கண்ணூரை அடுத்த ஓர் ஊரில் வாயு டேங்கர் கவிழ்ந்தது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. மேலே போகாது, தரையோடு தவழும். தவழ்ந்து வீடுகளை அடைந்து தீப்பற்றியது. 20 பேர் இறந்தனர். அந்த ஊரின் பெயர் சாலா. கிழக்கேகோட்டையை ஒட்டிய நம் சாலைக் கம்போளத்தையும் மலையாளத்தில் அதே எழுத்துகளால்தான் எழுதுவார்கள். கேரளத்தில் வீடும் கடையும் நெடுஞ்சாலையும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடப்பவை. இங்கே எரிபொருள் பாதுகாப்பு என்பது கிடைக்குமா என்ற கேள்வி மட்டுமன்று. எந்தத் தெரு வழியாக வரும் என்ற கேள்வியும்கூட.

இவ்வளவையும் படித்துவிட்டு, 'அடுப்பை முன்னே வைத்தது தவறா?' என்று ஒருவர் கேட்கலாம். தவறன்று. விறகுப் புகையில் நுரையீரலைப் பறிகொடுத்த பெண்களின் தலைமுறைகளுக்கு நாடு செலுத்தவேண்டிய கடன் அது. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் நியாயமும் அதுவே. நாட்டின் திரவ வாயுப் பயன்பாட்டில் வாகனங்களின் பங்கு இன்று நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அதைப் பெருக்கவேண்டும் என்பதும் என் வாதமன்று. பாதிக்கு மேல் இறக்குமதியாகும் ஒரு துணைப்பொருளின்மேல் பேருந்துகளையும் ஏற்றுவது அறிவுடைமை ஆகாது. என் குறை வேறு. ஒவ்வொரு முறையும் அடுப்புக்காக எடுத்த முடிவில் சக்கரம் தற்செயலாக நசுங்கியது. அந்த நசுக்கலை யாரும் கணக்கில் எழுதவில்லை. வாயுவுக்கு மாறச் சொல்லி ஓட்டுநரைத் தூண்டியவர்கள், நிலையம் எத்தனை, விலை யார் கையில், பத்தாண்டு கழித்து இந்தக் கருவி என்னவாகும் என்று அவரிடம் சொல்லவில்லை. மாற்றத்தின் செலவு முழுவதும் கடனில் வாங்கிய அந்த மூன்று சக்கரங்களின்மேல் விழுந்தது.

இப்போது மின்சாரத்தின் முறை. 2022 ஆகஸ்டு முதல் நகரச் சுற்றுப் பேருந்துகளில் மின்பேருந்துகள் ஓடுகின்றன; நெய்யாற்றின்கரை அருகே ஆறாலுமூட்டில் உள்ள அரசு நிறுவனமான கேரளா ஆட்டோமொபைல்ஸ் மின் ஆட்டோ செய்கிறது. வரவேற்கவேண்டிய மாற்றம். ஆயினும் 1938இல் தொட்டியைப் பார்க்க மறந்ததுபோல, இம்முறை மின்கலத்தைப் பார்க்க மறக்கக்கூடாது. கலத்தின் மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, மின் கட்டணப் பட்டியலில் பேருந்து எந்த வகையில் சேர்க்கப்படுகிறது, மாற்றத்தின் கடன் யார் தலையில் ஏறுகிறது என்னும் மூன்று கேள்விகளையும் வண்டி வாங்கும் முன்பே கேட்டாகவேண்டும். வாயு ஆட்டோவின் வரலாறு நமக்கு விட்டுச் சென்றிருக்கும் பாடத்திட்டம் அதுதான்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். திருவனந்தபுரம்–நாகர்கோவில் தடம் 1956 நவம்பர் 1க்குப் பின் இரு மாநிலங்களின் தடமாயிற்று. அதன் எரிபொருள் நினைவுகளும் இரண்டு மொழிகளில் சிதறிவிட்டன. உங்கள் வீட்டில் கரி பஸ்ஸைப் பார்த்த முதியவர் இருந்தால், அல்லது வாயுவுக்கு மாறி மீண்டும் பெட்ரோலுக்குத் திரும்பிய ஆட்டோ ஓட்டுநரை நீங்கள் அறிந்திருந்தால், அவர்கள் பயன்படுத்திய சொற்களை அப்படியே எழுதி வையுங்கள். உலையை என்னவென்று சொன்னார்கள், கரி தீர்ந்தபோது வண்டி எங்கே நின்றது, வாயு நிலையத்தில் எத்தனை மணிக்கு வரிசை தொடங்கும்: இவை எந்த அரசு ஆவணத்திலும் எளிதில் கிடைப்பவை அல்ல. மாணவர்கள் ஒரு விடுமுறைக்குள் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. அந்த முதியவர்களுக்கோ விடுமுறைகள் அதிகம் மிச்சமில்லை.